இரண்டு கட்டையும் ஒன்றரைக் கட்டையும்



சபாவின் அழைப்பிதழில் ‘ஆறு கட்டையில் தோடி’ என்று யாரும் அச்சடிப்பதில்லை. தோடி என்றால் தோடிதான். பாடுகிறவர் ஒரு கட்டையில் பாடட்டும், ஐந்தரைக் கட்டையில் பாடட்டும், ராகம் மாறிவிட்டதாக நமக்குத் தோன்றுவதே இல்லை. கட்டை என்பது பாடகரின் தொண்டை சம்பந்தப்பட்ட விஷயம், அவ்வளவுதான்.

மேற்கத்திய சாஸ்திரியக் கச்சேரி ஒன்றின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். ‘வயலின் கன்சர்ட்டோ, டி மேஜர்’, ‘சிம்பொனி எண் 5, சி மைனர்’ என்று கட்டையையும் சேர்த்துத்தான் போட்டிருக்கும். டி மேஜர் என்பதை நம் வழக்கில் சொன்னால் இரண்டு கட்டையில் சங்கராபரணம். சி மைனர் என்றால் ஒரு கட்டையில் நடபைரவி, இடையிடையே கீரவாணி. பன்னிரண்டு கட்டையிலும் அதே சங்கராபரணம்தானே, அதை ஏன் அவர்கள் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? மோட்ஸார்ட் துக்கம் வந்தால் ஐந்து கட்டைக்குப் போகிறார், பீத்தோவன் போராட்டம் என்றால் ஒரு கட்டைக்கு வருகிறார், ஷோப்பேன் கறுப்புக் கட்டைகளை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார். என்ன காரணம்?

முத்துசுவாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்கு இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். அத்தனையும் சங்கராபரண ஸ்வரங்கள். பேண்டுக்காரர்கள் எந்தக் கட்டையில் வாசித்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. நம் சுருதிக்கு அதைக் கொண்டுவந்து பாடிவிடுகிறோம். ஆனால் அந்த பேண்டுக்காரருக்கு அதுதான் முதல் கேள்வி. அவர் கையில் இருந்தது ஒரு பித்தளைக் குழாய். குழாயின் நீளம் என்னவோ அதுதான் கட்டை. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்: மேற்கத்திய மேதைகளின் கட்டைப் பிரியம் முதலில் மரத்திலும் நரம்பிலும் பித்தளையிலும் பிறந்தது. மனசுக்குள் அது குடியேறியது அப்புறம்.

என் வாத்தியத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் வயலின் கற்றுக்கொண்டது நம் முறையில். பாடகர் வந்து உட்கார்ந்ததும் அவர் சுருதிக்குத் தந்திகளை ஏற்றியோ இறக்கியோ ச-ப-ச-ப என்று சேர்த்துக்கொள்வோம். அதனால் யாருக்கு வாசித்தாலும் திறந்த தந்தி ஷட்ஜமாகவும் பஞ்சமமாகவும்தான் இருக்கும். இருபது வயதில் மேற்கத்திய முறையில் வாசிக்கும் ஒரு தந்திவாத்தியக் குழுவில் சேர்ந்தேன். முதல் நாள், பாட்டு ஈ ஃப்ளாட்டில் என்றார்கள். பழக்கதோஷம், கை நேராகப் பிருடைக்குப் போயிற்று. பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் மெதுவாக என் கையை விலக்கிவிட்டார். அங்கே தந்திகள் ஜி, டி, ஏ, ஈ என்று நிலையாக நிற்கும். அவற்றைத் தொடக்கூடாது. நம்மிடம் வயலின் பாட்டைத் தேடி வருகிறது. அங்கே பாட்டு வயலினைத் தேடிப் போகவேண்டும்.

அப்படித் தேடிப் போகிறவனுக்கு வயலின் என்ன சொல்லும்? கேளுங்கள். நாலு தந்தியையும் இப்போது மேற்கத்திய முறையில் சேர்த்து வைத்திருக்கிறேன். இது இரண்டு கட்டை.

(வயலினில் டி மேஜர் ஆரோகணம் வாசித்துக் காட்டுகிறார்.)

இப்போது அதே ஸ்வரங்கள், அரைக் கட்டை மட்டும் கீழே. ஒன்றரைக் கட்டை.

(டி ஃப்ளாட் மேஜர் வாசித்துக் காட்டுகிறார்.)

பின்வரிசைக்கும் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன். முதலில் வாசித்தபோது கூடம் திறந்த மாதிரி இருந்தது. அடுத்ததில் ஜன்னலுக்குத் திரை போட்ட மாதிரி. காரணம் எளிது. டி-யை ஷட்ஜமாக வைத்தால் திறந்திருக்கும் நாலு தந்தியும் நம் ஸ்வரங்களாகவே அமைந்துவிடுகின்றன: ஜி மத்யமம், டி ஷட்ஜம், ஏ பஞ்சமம், ஈ ரிஷபம். மேல் ஸ்தாயி ஷட்ஜத்தை ஏ தந்தியில் விரல் வைத்து வாசிக்கும்போது, தொடாமல் கிடக்கும் டி தந்தியும் தானாக அதிர்கிறது. ஒரு ஸ்வரத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு குரல் பதில் சொல்கிறது. டி ஃப்ளாட்டில் அந்த நாலு தந்தியில் ஒன்றுகூட ராகத்துக்குள் வராது. நாலும் அந்நிய ஸ்வரம். விரல் வைத்த இடம் மட்டும் பேசும், மற்றது எல்லாம் சும்மா இருக்கும்.

இதைக் கேட்ட காதுக்கு வயலின் கன்சர்ட்டோக்களின் பட்டியல் வியப்பே தராது. பீத்தோவன் எழுதிய ஒரே வயலின் கன்சர்ட்டோ, 1806, டி மேஜர். பிராம்ஸ் எழுதியதும் ஒன்றே, டி மேஜர். சைகோவ்ஸ்கி எழுதியதும் ஒன்றே, அதுவும் டி மேஜர். பிராம்ஸும் சைகோவ்ஸ்கியும் எழுதியது ஒரே ஆண்டில், 1878-இல். ஒருவர் இசையை ஒருவர் அவ்வளவாக ரசித்தவர்கள் இல்லை. ஆனாலும் வயலினை எடுத்ததும் இருவர் கையும் ஒரே இடத்தில்தான் போய் நின்றது. சிபெலியஸ் டி மைனர். 1931-இல் ஸ்ட்ராவின்ஸ்கி தன்னுடையதற்கு வைத்த பெயரே ‘டி-யில் கன்சர்ட்டோ’.

வயலின் பாதிக் காரணம். மீதிப் பாதியை ட்ரம்பெட் சொல்லும். பாக், ஹேண்டல் காலத்து ட்ரம்பெட்டில் வால்வு கிடையாது, துளை கிடையாது. வெறும் நீளக் குழாய். வால்வு வந்தது 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில். அதுவரை உதட்டின் இறுக்கத்தை மாற்றி மாற்றி ஊதினால் என்ன வருமோ அதுதான் ஸ்வரம்: ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், அந்தர காந்தாரம், மறுபடி பஞ்சமம். மிக உச்சத்துக்குப் போனால்தான் ரிஷபம், மத்யமம் என்று அடுத்தடுத்து ஸ்வரங்கள் நெருங்கி வரும். தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டினால் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாக எழுமே, அதே காந்தாரம்தான் இதுவும். இயற்கை ஒன்றுதானே. அந்த ட்ரம்பெட்டுகள் பெரும்பாலும் டி அல்லது சி நீளத்தில் செய்யப்பட்டன. கூட வரும் டிம்பனி முரசு இரண்டு. ஒன்று ஷட்ஜத்துக்கு, ஒன்று பஞ்சமத்துக்கு. ஆக, தெய்வ மகிமையோ அரச வெற்றியோ முழங்க வேண்டும் என்றால் ட்ரம்பெட் வேண்டும், ட்ரம்பெட் வேண்டும் என்றால் டி மேஜர். ஹேண்டலின் ‘மெசையா’வில் வரும் அல்லேலூயா டி மேஜர், 1749-இல் அவர் எழுதிய வாணவேடிக்கை இசையும் டி மேஜர்.

பாக் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1723-இல் லைப்ஸிக் நகரத்துக்கு வந்த புதிதில், மரியாளின் துதிப்பாடலான ‘மாக்னிஃபிகாட்’டை ஈ ஃப்ளாட்டில், அதாவது இரண்டரைக் கட்டையில் எழுதினார். சுமார் பத்து வருஷம் கழித்து அதைத் திருத்தி எழுதியபோது அரைக் கட்டை இறக்கி டி மேஜரில் உட்கார வைத்தார். இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலும் பாடுவது அந்த இரண்டாவது வடிவத்தைத்தான். ஹைடனின் சிம்பொனிகளில் எண் 1 டி மேஜர், எண் 104-உம் டி மேஜர். நடுவில் அதே கட்டைக்கு இருபது தடவைக்கு மேல் திரும்பி வந்திருக்கிறார்.

இனி ஒன்றரைக் கட்டைக்கு வருவோம். வயலின் வெளியே தள்ளிய அந்த டி ஃப்ளாட் மேஜரை வாரி அணைத்துக்கொண்டது பியானோ. பியானோவுக்குத் திறந்த தந்தி என்ற பேச்சே இல்லை. அங்கே பேசுவது கையின் அமைப்பு. உங்கள் வலது கையை மேஜைமேல் இயல்பாக வைத்துப் பாருங்கள். நடுவிரல்கள் மூன்றும் நீளம், கட்டைவிரலும் சுண்டுவிரலும் குட்டை. பியானோவில் கறுப்புக் கட்டைகள் உள்ளே தள்ளி, உயர்ந்து இருக்கின்றன. நீள விரல்கள் கறுப்பிலும் குட்டை விரல்கள் வெள்ளையிலும் விழுந்தால் கைக்கு அதைவிட சுகம் இல்லை. இதைப் பாடத்திட்டமாகவே ஆக்கியவர் ஷோப்பேன். தம் மாணவர்களுக்கு அவர் முதலில் கொடுத்தது ஐந்து கறுப்புக் கட்டைகளும் வரும் பி மேஜர். வெறும் வெள்ளைக் கட்டைகளால் ஆன சி மேஜரைத்தான் கடைசிக்கு வைத்தார். பார்க்க எளிது, கைக்குக் கடினம் என்பது அவர் கண்டது. நாம் இன்றும் குழந்தையை சி மேஜரில்தான் உட்கார வைக்கிறோம்!

டி ஃப்ளாட்டிலும் ஐந்து கறுப்பும் உண்டு. ஷோப்பேனின் தாலாட்டு அதில். மழைத்துளி என்று பெயர் வாங்கிய பிரெலூட் அதில். டெபுஸ்ஸியின் ‘நிலவொளி’யும் அதில்தான். இரவு, தூக்கம், நிலா என்று பியானோக்காரர்கள் அந்தக் கட்டைக்குப் போவதைப் பார்த்து, அந்தக் கட்டைக்குள்ளேயே நிலா இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். விரல் வழுக்கிக்கொண்டு போகும் இடத்தில் மெல்லிய சங்கீதம் பிறக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

கறுப்புக் கட்டையைக் கண்டு பதிப்பாளர்கள் பயந்த கதையும் உண்டு. ஷூபர்ட் 1827-இல் ஜி ஃப்ளாட் மேஜரில் ஓர் இம்ப்ராம்ப்டு எழுதினார். ஆறு ஃப்ளாட். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அது அச்சானது 1857-இல். வீட்டில் வாசிப்பவர்கள் ஆறு ஃப்ளாட்டைப் பார்த்தால் வாங்கமாட்டார்கள் என்று ஜி மேஜருக்கு அரைக் கட்டை தூக்கிப் போட்டு விற்றார்கள். ஸ்வரம் ஒன்றும் கெடவில்லை. ஆனால் மெட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் ஓயாமல் ஓடும் அந்தச் சிறு ஸ்வரங்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கறுப்புக் கட்டைமேல் தடவிக்கொண்டு போவது வேறு, வெள்ளைமேல் குத்திக்கொண்டு போவது வேறு. இரண்டையும் வாசித்துப் பார்த்தவர்கள் மறுபடி ஜி மேஜருக்குப் போகமாட்டார்கள்.

இதுவரை மகிழ்ச்சியும் மகிமையும் பேசினோம். துக்கத்துக்கு வருவோம். மோட்ஸார்ட்டின் எண்ணிட்ட 41 சிம்பொனிகளில் இரண்டே இரண்டுதான் மைனர், அவை இரண்டுமே ஜி மைனர். ஒன்று 1773-இல், 17 வயதில் எழுதியது. இன்னொன்று 1788-இல் எழுதிய எண் 40. நடுவில் ஜி மைனரிலேயே ஒரு பியானோ குவார்டெட், ஒரு தந்திக் குவின்டெட். ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவில் காதலன் பேசாமல் நிற்பதன் காரணம் புரியாமல் பமீனா உடைந்து பாடும் பாட்டும் அதே கட்டை.

மைனர் சிம்பொனி ஏன் அவ்வளவு அபூர்வம்? மறுபடியும் பித்தளைதான் காரணம். இயற்கைக் குழாய் தருவது அந்தர காந்தாரம் என்று சொன்னேன். மைனருக்கு வேண்டியதோ சாதாரண காந்தாரம். ஜி-யில் செய்த ஹார்னை ஜி மைனருக்கு ஊதினால் ஷட்ஜமும் பஞ்சமமும் சரியாக வரும். காந்தாரம் வரும்போது துக்கம் பொய்யாகிவிடும். பதினேழு வயதுப் பையன் இதற்குக் கண்ட வழியைப் பாருங்கள். வழக்கமான இரண்டு ஹார்னுக்குப் பதில் நான்கு ஹார்ன் போட்டான். இரண்டு ஜி-யில், இரண்டு பி ஃப்ளாட்டில். பி ஃப்ளாட் ஹார்னின் ஷட்ஜம்தான் ஜி மைனருக்கு சாதாரண காந்தாரம்! பதினைந்து வருஷம் கழித்து எண் 40 எழுதும்போது இரண்டு ஹார்ன் மட்டும் வைத்துக்கொண்டார். ஆனால் முதல் பகுதியில் ஒன்றை ஜி-யிலும் மற்றதை பி ஃப்ளாட்டிலும் வைத்தார். ஒருவர் விடும் ஸ்வரத்தை மற்றவர் எடுத்துக்கொள்வார். ட்ரம்பெட்டும் முரசும் அந்த சிம்பொனியில் அறவே இல்லை. நாம் அதில் கேட்கும் தனிமைக்கு அந்த வெற்றிடமும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஹைடன் இன்னும் ஒரு படி போனவர். 1772-இல் எஸ்டர்ஹாசா அரண்மனையில் ‘பிரியாவிடை’ சிம்பொனியை எஃப் ஷார்ப் மைனரில் எழுதினார், நாலரைக் கட்டை. அந்தக் கட்டைக்கு ஹார்னே கிடையாது. ஹார்னில் செருகி நீளத்தைக் கூட்ட அரைக் கட்டை வளைகுழாய் இரண்டு தனியாகச் செய்யச் சொல்லி வாங்கிய கணக்கு அரண்மனைப் பதிவேட்டில் இருக்கிறது. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் அங்கே கிடந்த வாத்தியக்காரர்கள் வீடு திரும்ப அனுமதி கேட்டு எழுதப்பட்ட சிம்பொனி அது. கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது, யாருடைய வாத்தியத்துக்கும் சௌகரியப்படாத ஒரு கட்டை.

இப்போது பீத்தோவனின் சி மைனர். முதன்முதலில் ஓபஸ் எண் போட்டு வெளியிட்ட மூன்று ட்ரியோக்களில் ஒன்று சி மைனர். ‘பத்தேதிக்’ சொனாட்டா சி மைனர், மூன்றாவது பியானோ கன்சர்ட்டோ சி மைனர், 1822-இல் முடித்த கடைசி பியானோ சொனாட்டாவும் சி மைனர். நடுவே 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் முதன்முறை ஒலித்த ஐந்தாம் சிம்பொனி. அதை எத்தனையோ பேர் விதி என்றும் போராட்டம் என்றும் பேசியாயிற்று. நான் ட்ரம்பெட்டைப் பற்றிப் பேசுகிறேன். சி-யில் செய்த ட்ரம்பெட்டுக்கு சி மைனரின் காந்தாரம் வராது. முதல் பகுதியின் அத்தனை ஆவேசத்திலும் அது ஷட்ஜமும் பஞ்சமமும் அடித்துக்கொண்டு முரசுக்குத் துணைபோகும். இரண்டாம் பகுதியில் இரண்டொரு தடவை சி மேஜர் எட்டிப் பார்க்கும்போது அதற்கு வாய் திறக்கும். அப்புறம் மறுபடி இருட்டு. கடைசிப் பகுதி வெடித்துத் திறக்கும்போது மெட்டின் முதல் மூன்று ஸ்வரம் என்ன? ச, க, ப. அந்தப் பித்தளைக் குழாய் பிறவியிலேயே கொண்டுவந்த மூன்று ஸ்வரங்கள். அதுவரை காத்திருந்த ட்ரம்பெட் தன் சொந்த மொழியில் பேசுகிறது. இதை ஒரு கட்டையைத் தவிர வேறெங்கே வைத்திருந்தாலும் அவருடைய ட்ரம்பெட்டுகள் இப்படி எழுந்து நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதே சிம்பொனியில் ஒரு சின்ன இடம். முதல் பகுதியில் இரண்டாவது மெட்டு வருவதற்கு முன் ஹார்ன்கள் ஓர் அழைப்பு விடுக்கும், ஈ ஃப்ளாட்டில். பின்னால் அதே அழைப்பு சி மேஜரில் திரும்ப வரவேண்டும். ஹார்னில் ஈ ஃப்ளாட் வளைகுழாய் செருகியிருக்கிறது, மாற்ற நேரமில்லை. பீத்தோவன் அதை பஸ்ஸூன்களுக்குக் கொடுத்துவிட்டார். வால்வு வந்தபின் பல இசை நடத்துநர்கள், ‘அவருக்கு வசதி இருந்திருந்தால் ஹார்னுக்கே கொடுத்திருப்பார்’ என்று சொல்லி மாற்றி வாசிக்க வைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இடத்தில் பஸ்ஸூனின் தழுதழுத்த குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர் எழுதியதை அப்படியே விடுங்கள்.

சரி, எல்லாமே பித்தளையும் நரம்பும்தானா, கட்டைக்கென்று ஒரு குணம் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு என்று சாதித்தவர்கள் அங்கே நிறைய. சிறையில் கிடந்தபடி சங்கீத அழகியல் பற்றிச் சொல்லி எழுதவைத்த ஷூபார்ட் என்ற ஜெர்மானியர் ஒவ்வொரு கட்டைக்கும் குணம் வகுத்தார்; பாட்டு எழுதிய ஷூபர்ட் வேறு, இவர் வேறு. அவருடைய புத்தகம் 1806-இல் வந்தது. ஈ ஃப்ளாட் மேஜர் அவருக்குக் காதலும் பக்தியும். அவருக்கு முன்னால், 1713-இல், மத்தேசோன் அதே கட்டையை ஏக்கமும் கனமும் நிறைந்தது என்று எழுதியிருந்தார். பீத்தோவனோ தம் ‘வீர சிம்பொனி’யை அதில் எழுதினார். ஒரே கட்டை, மூன்று முகம். இந்தப் பட்டியல்களை அக்காலத்து ரசனைக்குச் சாட்சியாகப் படிக்கலாம், இலக்கணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

ஆனால் அவர்கள் காலத்தில் பியானோ, ஆர்கன் போன்ற வாத்தியங்களில் கட்டைக்குக் கட்டை நிஜமாகவே வித்தியாசம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். இன்றைய பியானோவில் பன்னிரண்டு இடைவெளியும் சமம். அன்றைக்குச் சேர்த்த விதத்தில் சி மேஜரின் காந்தாரம் தம்புரா காந்தாரத்துக்குப் பக்கத்தில் இனிமையாக நிற்கும். டி ஃப்ளாட், எஃப் ஷார்ப் பக்கம் போகப்போக காந்தாரம் கூர்மையாகிக் கொஞ்சம் கடிக்கும். 1722-இல் பாக் மேஜரும் மைனருமாக 24 கட்டையிலும் ஒவ்வொரு பிரெலூடும் ஃப்யூகும் எழுதித் தொகுத்தது, எல்லாக் கட்டையிலும் உலாவ முடிகிற அப்படியொரு சேர்மானத்துக்காக.

அதிர்வு எண்ணில் குணம் இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி உண்டு. இன்று ஏ என்பது விநாடிக்கு 440 அதிர்வு. பாக்கைப் பழைய முறையில் வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் 415-க்கு இறக்கிக்கொள்கின்றன. அது சரியாக அரைக் கட்டை. அவர்கள் வாசிக்கும் டி மேஜர் நம் சுருதிப்பெட்டிக்கு ஒன்றரைக் கட்டை! சற்று முன் திரை போட்ட ஜன்னல் மாதிரி இருந்ததே, அதே உயரம். ஆனால் அவர்கள் வயலினில் கூடம் திறந்தே இருக்கிறது. தந்தியும் கூடவே இறங்கிவிட்டதால் திறந்த தந்திகள் இன்னும் ஷட்ஜ பஞ்சமமாகவே நிற்கின்றன.

இப்படி வாத்தியத்தில் ஆரம்பித்த ஒன்று எவ்வளவு ஆழமாக மனசில் இறங்குகிறது என்பதற்கு ராக்மானினாஃப் சொன்ன ஒரு சம்பவம். பாரிஸில் ஒரு சிற்றுண்டிக் கடையில் அவரும் ரிம்ஸ்கி கோர்ஸகோவும் ஸ்க்ரியாபினும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இருவருக்கும் ஒவ்வொரு கட்டையும் ஒரு நிறமாகத் தெரியும். பல கட்டைகளில் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஆனால் டி மேஜர் மஞ்சள், பொன்நிறம் என்பதில் இரண்டு பேரும் ஒன்று. ராக்மானினாஃப் நம்பவில்லை. அவருடைய ‘கஞ்சப் பிரபு’ ஓபராவில், கிழவன் பெட்டிகளைத் திறந்து தங்கத்தைப் பார்க்கும் இடம் எந்தக் கட்டை என்று நினைவுபடுத்தினார்கள். டி மேஜர். அவர்களுக்கு அது நிறத்தின் விதி. எனக்கு அந்தத் தங்கத்தில் ஹேண்டலின் ட்ரம்பெட்டும், பாக் அரைக் கட்டை இறக்கிய மாக்னிஃபிகாட்டும், வயலினின் நாலு திறந்த தந்தியும் தெரிகின்றன. அந்த சத்தத்தில் வளர்ந்த மூன்று காதுகள் அவை.

முடிப்பதற்கு முன் மோட்ஸார்ட்டின் இன்னொரு வேலையை நீங்கள் கேட்டே ஆகவேண்டும். 1779-இல் வயலினுக்கும் வயோலாவுக்குமாக ஒரு சின்ஃபோனியா கன்சர்ட்டான்டே எழுதினார், ஈ ஃப்ளாட் மேஜர். வயோலா குரல் கொஞ்சம் அடங்கியது. வயலின் பக்கத்தில் நின்றால் அமுங்கிவிடும். அதனால் வயோலாவின் நாலு தந்தியையும் அரைக் கட்டை ஏற்றச் சொன்னார். தாளில் அதற்கு டி மேஜர் எழுதினார். வயோலாக்காரர் இரண்டு கட்டை விரலில் வாசிப்பார், நம் காதில் இரண்டரை விழும். அவருக்குத் திறந்த தந்திகள் ஷட்ஜமும் பஞ்சமமுமாகப் பேசும், இறுக்கிய தந்தி கணீரென்று இருக்கும். வயலினுக்கோ ஈ ஃப்ளாட்டில் ஷட்ஜமும் இல்லை, பஞ்சமமும் இல்லை. தராசு சமமாகிவிட்டது. அன்று என் கையைப் பிருடையிலிருந்து விலக்கிய பெரியவரிடம் இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆசை இருந்தது.

மேடையில் என் மாணவி வயோலாவை ஏற்றிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். தம்பி வயலினைத் தொடவில்லை, அப்படியே வைத்திருக்கிறார். பியானோவில் ஒரு நண்பர் ஆர்கெஸ்ட்ராவின் பங்கை வாசிப்பார். நீண்ட முன்னுரை முடிந்ததும் இரண்டு வாத்தியமும் ஒரே ஈ ஃப்ளாட்டில், ஒரு ஸ்தாயி இடைவெளியில், ஓசையில்லாமல் நுழைந்து நிற்கும். எப்போது நுழைந்தன என்று முதல் தடவை பிடிபடாது. கவனித்துக் கேளுங்கள்.